இங்கிலாந்தில் சுயதொழிலாக வீட்டுக் கிளீனிங்: சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் எதை முதலில் செய்வது?

வீட்டுக் கிளீனிங்கில் இறங்குபவர்கள் இடறுவது வேலையில் அல்ல. குசினி துடைக்கவும் குளியலறை தேய்க்கவும் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இடறுவது ஒழுங்கில். முதலில் துப்புரவு செய்ய வீடு பிடித்து, பிறகு நேர்சரி தேடி, அதற்குப் பிறகு யுனிவேர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) சொல்லி, ஒரு வருடம் கழித்து வரிப் பதிவை நினைத்தால் படிக்குப் படி காசு போகும். கீழே இருப்பது காசு போகாத ஒழுங்கு. விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் பிள்ளைப் பராமரிப்பு உதவிகள் வேறு. தனியாகச் சொல்லாத இடங்களில் தொகைகள் 2025–26 வரி ஆண்டுக்கானவை. ஏப்ரல் தோறும் அவை மாறும்.

1. விசா சுயதொழிலை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்

வேலை செய்யும் உரிமையும் சுயதொழில் செய்யும் உரிமையும் ஒன்றல்ல. பிரித்தானியக் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்குத் தடை இல்லை. கிரஜுவேற் விசாவிலும் (இங்கே பட்டம் முடித்தவருக்கானது) சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாவில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்ய விட்டாலும் சுயதொழில் கூடாது. ஒரு வீட்டை இரண்டு மணித்தியாலம் துடைத்துக் காசு வாங்கினாலும் விசா மீறல்தான். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் (கொம்பனி ஸ்பொன்சர் செய்யும் வேலை விசா) இருப்பவரும் இதைத் தொடங்க முடியாது. ஆனால் அவருடைய கணவனோ மனைவியோ, டிபென்டன்ற் (தங்கி வாழ்பவர்) விசாவில் இருந்தால், பெரும்பாலும் செய்யலாம். "அவருக்குக் கூடாது என்றால் எனக்கும் கூடாது" என்று எண்ணி வருடக்கணக்காக வீட்டில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் இ-விசாவில் எழுதியிருக்கும் நிபந்தனையை நீங்களே வாசியுங்கள்; சொந்தக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

"பொதுநிதிக்கு உரிமையில்லை" என்று விசாவில் இருந்தால் யுனிவேர்சல் கிரெடிட்டுக்கும் சைல்ட் பெனிபிட்டுக்கும் (பிள்ளைக்கான அரசு உதவித்தொகை) விண்ணப்பிக்கக் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் கிடைக்கும் 15 மணித்தியால இலவச நேர்சரி இதில் சேராது. அதை விசா பாராமல் எடுக்கலாம்.

2. கையில் இருக்கும் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

பிள்ளையைப் பள்ளியில் விடுவது 8:50, கூட்டி வருவது 3:15 என்று வைப்போம். முதல் வீட்டுக்கு 9:15க்குப் போகலாம். கடைசி வீட்டிலிருந்து 2:45க்கு வெளிக்கிட வேண்டும். நடுவில் ஐந்தரை மணித்தியாலம். இதைப் பார்த்து ஐந்து மணித்தியால வேலை ஏற்கக் கூடாது. இரண்டு மணித்தியால வீடு ஒன்று, அரை மணித்தியாலப் பயணம், இன்னொரு இரண்டு மணித்தியால வீடு: கூலி வருவது நான்கு மணித்தியாலத்துக்கு. மிச்சம் ஒரு மணித்தியாலம் பஸ் வராத நாளுக்கும், வீட்டுக்காரர் "இதையும் ஒருக்கா" என்று கேட்கும் நாளுக்கும், சாப்பாட்டுக்கும் போகும்.

கிழமைக்கு நான்கு நாள் போதும். ஐந்தாவது நாளை வெறுமையாக விடுங்கள். அது சோம்பல் நாள் அல்ல. பிள்ளைக்குச் சுகமில்லாமல் போன நாளின் வேலையை அந்த நாளுக்கு மாற்றலாம். முதல் கிழமையிலேயே ஐந்து நாளையும் நிரப்பியவர் முதல் சளிக் காய்ச்சலில் இரண்டு வீட்டை இழப்பார்.

இனிக் கணக்கு. மணித்தியாலத்துக்கு 16 பவுண் என்றால் நாளுக்கு 64, கிழமைக்கு 256. பள்ளி நடக்கும் 39 கிழமைக்கு 9,984 பவுண். இந்தத் தொகையை நினைவில் வைத்திருங்கள். அடுத்த படியில் இது ஒரு எல்லையில் முட்டும்.

3. பிள்ளையை விடும் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளை இருந்தால் வீடு தேடுவதற்கு முன் இதுதான் வேலை. நல்ல நேர்சரிகளில் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும்.

2025 செப்டெம்பர் முதல், வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததிலிருந்து பள்ளி தொடங்கும் வரை கிழமைக்கு 30 மணித்தியாலம், வருடத்தில் 38 கிழமை, அரசு காசு கட்டுகிறது. தம்பதி என்றால் இருவரும் வேலை செய்ய வேண்டும். ஒருவருக்காவது பொதுநிதி உரிமை இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், இலவசம். கிடைக்கும் குறியீட்டை நேர்சரியிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் பிழைவிடும் இடம் திகதி. செப்டெம்பர் தவணைக்கு ஓகஸ்ட் 31க்குள், ஜனவரித் தவணைக்கு டிசம்பர் 31க்குள், ஏப்ரல் தவணைக்கு மார்ச் 31க்குள் குறியீடு கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் ஒரு தவணை முழுவதும் சொந்தக் காசு. குறியீடு கிடைத்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் மீள உறுதி செய்ய வேண்டும். தொலைபேசியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

30 மணித்தியாலம் என்றால் பில் பூச்சியம் என்று எண்ண வேண்டாம். சாப்பாடு, நப்பி, மேலதிகச் செயற்பாடுகள் என்று நேர்சரி தனியாகக் கேட்கும். வருடம் முழுவதும் பரப்பித் தரும் நேர்சரி என்றால் 1,140 மணித்தியாலத்தை 51 கிழமையால் பிரிப்பார்கள்; கிழமைக்கு 22 மணித்தியாலமே வரும். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: 38 கிழமையா, பரப்பியதா? கிழமைக்கு மேலதிகக் கட்டணம் எவ்வளவு?

முன்னே சொன்ன எல்லை இதுதான். இந்த 30 மணித்தியாலத்துக்கும், நீங்கள் போடும் ஒவ்வொரு 8 பவுணுக்கும் அரசு 2 பவுண் சேர்க்கும் டக்ஸ்-பிரீ சைல்ட்கெயாருக்கும் (பிள்ளைக்கு வருடத்துக்கு 2,000 பவுண் வரை) ஒரே நிபந்தனை: 21 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கிழமைக்கு 16 மணித்தியாலக் குறைந்தபட்சக் கூலியாவது உழைக்க வேண்டும். 12.21 பவுண் கூலியில் அது கிழமைக்கு 195 பவுண், வருடத்துக்கு 10,158. தவணை நாட்களில் கிழமைக்கு 256 உழைத்தாலும், விடுமுறையைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் 9,984 பவுண் 192க்கு இறங்கிவிடும். அதிலிருந்து செலவையும் கழிக்க வேண்டும். தொழில் தொடங்கி முதல் 12 மாதத்துக்கு இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இரண்டாவது வருடத்தில் எவரும் எதிர்பாராமல் குறியீடு நின்றுபோகிறது. கூலி 2026 ஏப்ரலில் 12.71 ஆவதால் எல்லையும் 203 பவுணுக்கு ஏறுகிறது. கிழமைக்கு இன்னொரு இரண்டு மணித்தியால வீடோ, விடுமுறையில் பிள்ளையை மற்றவர் பார்க்கும் சனிக்கிழமைகளோ, ஏதோ ஒன்றால் அந்த இடைவெளியை அடைக்கத் திட்டம் வையுங்கள்.

இன்னொரு பொறி நம் ஆட்களிடையே அதிகம்: பக்கத்து வீட்டு அன்ரியிடம் காசு கொடுத்துப் பிள்ளையை விடுவது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் வீட்டில் நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூலிக்குப் பார்ப்பவர் பதிவு செய்த சைல்ட்மைண்டராக இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, சித்தி, மாமி போன்ற நெருங்கிய உறவுக்கு இந்த விதி இல்லை. பதிவில்லாத அன்ரிக்குக் கொடுக்கும் காசுக்கு அரசு உதவி ஒரு பென்ஸும் கிடைக்காது. மாட்டினால் சிக்கல் அவருக்கு. ஒப்ஸ்டெட் (சைல்ட்மைண்டர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிள்ளையை வேலை வீட்டுக்குக் கூட்டிப் போவது பற்றி: வேண்டாம். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் வேண்டாம். வாளியில் பிளீச், தரை ஈரம், வேறு ஆட்களின் கண்ணாடிப் பொருட்கள். பிள்ளை உடைத்த பொருளுக்கு உங்கள் தொழில் காப்புறுதி காசு தரும் என்று நம்பியிருக்க முடியாது.

4. யுனிவேர்சல் கிரெடிட் எடுப்பவர்கள்

எடுக்காதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

யுனிவேர்சல் கிரெடிட்டும் டக்ஸ்-பிரீ சைல்ட்கெயாரும் ஒன்றாகக் கிடைக்காது. கிரெடிட்டில் இருப்பவருக்குப் பதிவு செய்த பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை திரும்பும்: ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண் வரை, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 1,768.94 வரை. நேர்சரிக் கட்டணம் கூடிய குடும்பத்துக்கு இதுவே பெரும்பாலும் லாபம். முதல் மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டக் காசு இல்லை என்றால், கட்டுவதற்கு முன் வேர்க் கோச்சிடம் (ஜொப் சென்டரில் உங்கள் கிரெடிட்டைக் கவனிக்கும் அலுவலர்) கேளுங்கள். அதற்கென்று தனி உதவி நிதி உண்டு. அவர்களாகச் சொல்வது குறைவு. 30 மணித்தியால நேர்சரியை மட்டும் கிரெடிட்டோடு சேர்த்தே எடுக்கலாம்.

சுயதொழில் என்று சொன்னதும் ஒரு நேர்காணலுக்கு அழைப்பார்கள். வரிப் பதிவு இலக்கம், காப்புறுதிப் பத்திரம், விளம்பர அட்டை, இரண்டு மூன்று பில், மணித்தியாலக் கணக்கு ஆகியவற்றோடு போங்கள். இது முழுநேர நோக்கமுள்ள தொழில் என்று ஏற்றால் 12 மாதத் தொடக்க காலம் கிடைக்கும். அந்த 12 மாதமும் உழைத்த தொகையை மட்டும் கணக்கெடுப்பார்கள். அது முடிந்ததும், நீங்கள் உழைக்காவிட்டாலும் இவ்வளவு உழைத்ததாக ஒரு குறைந்தபட்ச வருமானத்தை வைத்துக் கழிப்பார்கள். ஓகஸ்டில் வேலை இல்லாத கிளீனருக்கு இது பெரிய அடி. பிள்ளையைப் பிரதானமாகப் பார்ப்பவர் நீங்கள் என்று பதிவில் இருந்து, கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் அந்தக் கற்பனை வருமானம் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே தம்பதிகள், யார் பிரதான பராமரிப்பாளர் என்ற பெட்டியை யோசித்து நிரப்புங்கள்.

மாதம் தோறும் வந்த காசையும் தொழில் செலவையும் நீங்களே பதிய வேண்டும். வேலை செய்த நாள் அல்ல, காசு கைக்கு வந்த நாள்தான் கணக்கு. பராமரிப்புக் கட்டணத்தை, கட்டிய மாதத்திலேயே ரசீதோடு பதியுங்கள்.

5. எச்.எம்.ஆர்.சி.யில் (வரித் திணைக்களம்) பதிவு

வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை. ஆண்டு வரவு (இலாபம் அல்ல, வரவு) 1,000 பவுணைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கடைசித் திகதி அந்த ஆண்டு முடிந்த பின் வரும் ஒக்டோபர் 5. 2025 மே மாதம் தொடங்கியவருக்கு 2026 ஒக்டோபர் 5. கணக்குக் கொடுக்கவும் காசு கட்டவும் 2027 ஜனவரி 31.

இவ்வளவு காலம் இருக்கிறதே என்று விடாமல் தொடங்கிய மாதமே பதியுங்கள். நேர்சரிக் குறியீட்டுக்கும் கிரெடிட் நேர்காணலுக்கும் பதிவு இலக்கம் உதவும். இன்னொரு பிள்ளை எண்ணம் இருந்தால் இன்னும் முக்கியம்: சுயதொழிலாளருக்கான மெற்றேர்னிற்றி அலவன்ஸ் (பிரசவகால உதவித்தொகை), கிழமைக்கு 187.18 பவுண் வரை 39 கிழமை, பிரசவத் திகதிக்கு முந்திய 66 கிழமையில் 26 கிழமையாவது பதிவோடு தொழில் செய்திருந்தால்தான்.

பதிவுக்கு நஷனல் இன்சூரன்ஸ் (என்.ஐ.) இலக்கம், முகவரி, தொழில் தொடங்கிய திகதி, மின்னஞ்சல் போதும். கட்டணம் இல்லை. தேடும்போது மேலே வரும் தளங்களில் சில காசு கேட்கும். அரசு தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள். பத்து இலக்க வரிப் பதிவு இலக்கமான யூ.ரி.ஆர். தபாலில் வர இரண்டு, மூன்று கிழமை ஆகலாம். அதைப் படம் எடுத்து வையுங்கள்; தொலைத்தால் ஜனவரியில் தொலைபேசி வரிசையில் நிற்க வேண்டும்.

நஷனல் இன்சூரன்ஸ் பற்றி ஒரு சுருக்கம். இலாபம் 6,845 பவுணைத் தாண்டினால், கட்டாமலே அந்த வருடம் ஓய்வூதியக் கணக்கில் சேரும். குறைந்தால், விரும்பினால் கிழமைக்கு 3.50 கட்டலாம். ஆனால் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உங்கள் பெயரில் சைல்ட் பெனிபிட் எடுத்தால் ஓய்வூதியத்துக்கான வருடம் தானாகவே சேர்ந்துவிடும். கணவன் பெயரில் எடுத்து, அவரும் வேலையில் இருந்தால் அந்த வரவு வீணாகிறது. மெற்றேர்னிற்றி அலவன்ஸ் முழுத்தொகைக்கு மட்டும் அந்த 3.50 தேவைப்படும்.

அலுவலகக் கிளீனிங் கொம்பனி ஒன்று "நீங்கள் சுயதொழிலாகப் பதிந்துவிட்டு வாங்கோ" என்றால் யோசியுங்கள். தனியார் வீடு அல்லாத கட்டிடங்களைத் துப்புரவு செய்பவரை நஷனல் இன்சூரன்ஸ் விதி பொதுவாகவே ஊழியராகத்தான் பார்க்கிறது. நேரத்தையும் கூலியையும் அவர்கள் தீர்மானித்து, உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பவும் விடாவிட்டால், சுயதொழில் என்ற பெயரில் விடுமுறைக் கூலியும் குறைந்தபட்சக் கூலியும் பறிபோகும். ஏகாஸ் (வேலை உரிமை பற்றி ஆலோசனை தரும் அமைப்பு) உதவி இலக்கத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

6. காப்புறுதி, டி.பி.எஸ்., கார்

பொதுப் பொறுப்புக் காப்புறுதி சட்டக் கட்டாயம் அல்ல. ஆனாலும் அது இல்லாமல் ஒரு திறப்பையும் கையில் வாங்காதீர்கள். தனி ஆளுக்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் பவுண் வரையான பாதுகாப்பு, பெரும்பாலும் ஆண்டுக்கு நூறு பவுணுக்கு முன்பின். விலையை விட இரண்டு வரி முக்கியம். ஒன்று, நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த பொருளுக்கே வந்த சேதம் அடங்குமா? மலிவுப் பத்திரங்களில் இது விலக்கப்பட்டிருக்கும்: வாளி தட்டிக் கம்பளம் நனைந்தால் காசு வரும், துடைத்த அடுப்புக் கண்ணாடி கீறினால் வராது. இரண்டு, திறப்புத் தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவு அடங்குமா?

டி.பி.எஸ். (குற்றப் பதிவு பற்றிய) சான்றிதழில் பேசிக் வகை மட்டுமே தனி ஆள் நேரடியாக எடுக்கலாம், 21.50 பவுண், அரசு தளத்தில். "என்ஹான்ஸ்ட் எடுத்துத் தருகிறோம்" என்று கூடக் காசு கேட்பவரை விடுங்கள். வீட்டுக் கிளீனருக்கு அது உரியதல்ல.

காரில் போவதானால் கார்க் காப்புறுதியை எடுத்துப் பாருங்கள். "சோஷல், டொமெஸ்டிக், கொமியூட்டிங்" என்றிருந்தால் ஒரே வேலையிடத்துக்குப் போய்வரலாம். வீடு வீடாகப் போக பிஸ்னஸ் யூஸ் வேண்டும். விபத்தின் பின்தான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். எவரையாவது கூலிக்கு உதவிக்கு வைத்தால் அன்றிலிருந்து தொழில் வழங்குநர் காப்புறுதி சட்டக் கட்டாயம். சித்தியின் மகளை "சும்மா" கூட்டிப் போய்ப் பத்துப் பவுண் கொடுப்பதும் கூலிதான்.

7. விலை

லண்டனில் தனி கிளீனர்கள் கேட்பது பொதுவாக மணித்தியாலத்துக்கு 15 முதல் 20 பவுண். வெளி ஊர்களில் சற்றுக் குறையும். குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டு "கூடத்தானே" என்று 13 கேட்காதீர்கள். ஊழியருக்குக் கிடைக்கும் விடுமுறைக் கூலி, சுகயீனக் கூலி, பயண நேரம் எதுவும் உங்களுக்கு இல்லை. 16 பவுணில் நான்கு மணித்தியாலம் உழைக்க ஐந்தரை மணித்தியாலம் வெளியில் நின்றால், நிற்கும் நேரத்துக்கு 11.64 பவுண்தான்.

ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம். முதல் நாள் தனி விலை: மூன்று அறை வீடு முதல் முறை நான்கைந்து மணித்தியாலம் இழுக்கும், பிறகுதான் இரண்டரைக்கு வரும். அவண், குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே, யன்னல், அயர்ன் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தனி விலையாக எழுதிக் கொடுங்கள். வாடகை வீடு ஒப்படைக்கும்போது செய்யும் கிளீனிங்கை முதல் ஆறு மாதம் எடுக்காதீர்கள். ஏஜன்சி பட்டியல் வைத்துப் பார்த்துத் திரும்பக் கூப்பிடும். அந்த நேரம் நீங்கள் பள்ளி வாசலில் நிற்பீர்கள்.

8. வீடு பிடித்தல்

தூரத்தில் 18 பவுண் தரும் வீட்டை விட, நடக்கும் தூரத்தில் 16 பவுண் தரும் வீடு லாபம். பிள்ளையின் பள்ளியைச் சுற்றி இரண்டு மைல் வட்டம் போட்டு, அதற்குள் தேடுங்கள். பள்ளி பெற்றோர் வட்ஸ்அப் குழு, ஊர் பேஸ்புக் குழு, மூலைக்கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை: இவை போதும். ஒரே தெருவில் இரண்டு வீடு கிடைத்தால் அரை மணித்தியாலப் பயணம் கூலியாக மாறும். லண்டன் பஸ்ஸில் 1.75 பவுண் கட்டியபின் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறும் அடுத்த பஸ் இலவசம். அதற்கேற்ப வீடுகளை அடுக்குங்கள்.

பார்க்காமலே காசோலை அனுப்பி, "கூட அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இன்னொருவருக்கு மாற்றுங்கள்" என்பவர் மோசடிக்காரர். காசோலை பிறகு திரும்பும், நீங்கள் மாற்றிய காசு திரும்பாது. முதல் முறை பார்க்கப் போகும்போது முகவரியை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.

ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள். நாள், நேரம், செய்யும் வேலை, பொருட்கள் யாருடையவை, அன்றே வங்கி மூலம் கட்டணம், 48 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் பாதிக் கூலி, பள்ளி விடுமுறையில் வரும் நாட்கள். கடைசி வரியை முதலிலேயே சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். ஓகஸ்டில் கிழமை விட்டுக் கிழமை வந்தால் போதும் என்று சொல்லும் வீட்டுக்காரர் தாராளமாக இருக்கிறார்கள். ஜூலை கடைசியில் சொன்னால்தான் கோபிப்பார்கள். திறப்பில் முகவரி எழுத வேண்டாம். நிறப்பட்டியோ எண்ணோ கட்டி, விளக்கத்தை வேறு இடத்தில் வையுங்கள்.

9. பையும் வேலையும்

வழக்கமாக ஹூவரும் மொப்பும் வீட்டுக்காரருடையவை. பஸ்ஸில் ஹூவர் தூக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உங்கள் பையில்: நான்கு நிற மைக்ரோபைபர் துணி, நிறத்துக்கு ஆறு; கையுறை; பழைய பல்துலக்கி; கண்ணாடி வழிக்கும் ரப்பர் பட்டை; உப்புக்கறை நீக்கி (லைம்ஸ்கேல் கரைக்கும் அமிலத் திரவம்); பாத்திரச் சவர்க்காரம் கலந்த தெளிப்பான். சிவப்பு கழிவறைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும், பச்சை குசினிக்கு, நீலம் மற்றதெல்லாவற்றுக்கும். இங்கே கிளீனிங் துறையில் பழகிய ஒழுங்கு இது, வீட்டுக்காரரும் கவனிப்பார். துணி துவைக்கும்போது சொஃப்ட்னர் போட்டால் இழை அடைபட்டுத் தண்ணீரை இழுக்காது.

பிளீச்சோடு உப்புக்கறை நீக்கி சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒரே நேரத்தில் இரண்டையும் எவரும் ஊற்றுவதில்லை. விபத்து வரும் வழி வேறு: வீட்டுக்காரர் காலையில் கழிவறைக்குள் பிளீச் விட்டிருப்பார், நீங்கள் வந்து அதன் மேல் அமில நீக்கியை அடிப்பீர்கள். முதலில் பிளஷ் பண்ணி, யன்னல் திறந்து, பிறகு தொடங்குங்கள்.

லண்டனிலும் தென்கிழக்கிலும் தண்ணீர் கடினம். ஷவர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும். அமில நீக்கி அதைக் கரைக்கும், ஐந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். பளிங்குக் கல்லில் வினாகிரியோ இந்த நீக்கியோ பட்டால் பளபளப்பு அரித்துப் போகும், திரும்பாது. கறுப்பு, பொன்னிறக் குழாய்களிலும் பூச்சு போகும். அங்கே சவர்க்காரத் தண்ணீர் மட்டும். மரத்தரைக்கு மொப்பைப் பிழிந்து, கை வைத்தால் ஈரம் ஒட்டாத அளவுக்கு. புதிய வீட்டில் எந்தப் பொருளையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

வேலை ஒழுங்கு: முதலில் குளியலறையில் நீக்கியை அடித்து ஊறவிடுங்கள், அது ஊறும் நேரம் அறைகளில் மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். பிறகு குளியலறை, குசினி, ஹூவர். கடைசியில் மொப், வாசலை நோக்கிப் பின்னால் வந்தபடி. உடைந்தால் அன்றே படம் எடுத்துச் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் போவது பொருள் அல்ல, திறப்பு.

10. பிள்ளைக்குச் சுகமில்லாத நாள்

வாந்தியோ வயிற்றோட்டமோ நின்று 48 மணித்தியாலம் ஆகும் வரை நேர்சரியும் பள்ளியும் எடுக்காது. சின்னம்மை (சிக்கன்பொக்ஸ்) போட்டால் எல்லாக் கொப்பளமும் காயும் வரை, குறைந்தது ஐந்து நாள். நேர்சரிக்குப் போகாத அந்த நாட்களுக்கும் நேர்சரிக் கட்டணம் கட்ட வேண்டும், உங்களுக்கோ கூலி இல்லை. இரண்டு கிழமை வருமானத்தை இதற்கென்று ஒதுக்கி வைக்கும் வரை வேறு எதற்கும் சேமிக்க வேண்டாம். காலை 7:30க்கு முன் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பி, அதே செய்தியில் வெறுமையாக விட்ட ஐந்தாவது நாளைச் சொல்லுங்கள். "வரமாட்டேன்" என்று மட்டும் வருவதை விட "வெள்ளி 9:30க்கு வருகிறேன்" என்று வந்தால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

11. கணக்கும் முதல் ஜனவரியும்

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, ஒரு கொப்பி அல்லது எக்செல். நாள், யார், எவ்வளவு, எப்படி வந்தது. ரசீதுகளைத் தொலைபேசியில் படம் எடுங்கள். கணக்கு கொடுக்கும் கடைசித் திகதிக்குப் பிறகு ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

கழிக்கக்கூடியவை: துப்புரவுப் பொருள், காப்புறுதி, டி.பி.எஸ்., வீட்டுக்கு வீடு பஸ் காசு, காரென்றால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், தொலைபேசியில் தொழில் பங்கு. கழிக்க முடியாதவை: சாதாரண உடுப்பு, மதியச் சாப்பாடு, நேர்சரிக் கட்டணம். கடைசியைப் பலர் எழுதிவிட்டு மாட்டுகிறார்கள். உண்மைச் செலவு 1,000 பவுணுக்குக் குறைவு என்றால், ரசீது எதுவும் இல்லாமல் 1,000 பவுணை அப்படியே கழிக்கலாம். கார் இல்லாத கிளீனருக்குப் பெரும்பாலும் இதுவே லாபம். ஆனால் யுனிவேர்சல் கிரெடிட் இந்த 1,000ஐ ஏற்காது, அங்கே உண்மைச் செலவு மட்டும். ஆகவே கிரெடிட் எடுப்பவர் ரசீதுகளை எப்படியும் வைத்திருக்க வேண்டும்.

முதல் 12,570 பவுணுக்கு வரி இல்லை. மேலே உள்ளதற்கு வருமான வரி 20 வீதமும் நஷனல் இன்சூரன்ஸ் 6 வீதமுமாக 26 வீதம். தவணைக் காலம் மட்டும் கிழமைக்கு 16 மணித்தியாலம் செய்பவருக்கு வரி வராது, கணக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வேலை கூடி இலாபம் 18,000 ஆனால் வரி 1,411.80. பில் 1,000ஐத் தாண்டுவதால், அடுத்த வருடத்துக்கான முன்பணமாக அதில் பாதியையும் அதே ஜனவரியில் கேட்பார்கள்: மொத்தம் 2,117.70. ஜூலை 31இல் இன்னொரு 705.90. இது தண்டம் அல்ல, அடுத்த வருடக் கணக்கில் கழியும். ஆனால் தெரியாமல் ஜனவரியில் பார்த்தால் தலை சுற்றும். வரும் ஒவ்வொரு கட்டணத்திலும் 15 வீதத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஜனவரி 31 தாண்டினால், வரி பூச்சியமாக இருந்தாலும் 100 பவுண் தண்டம். மூன்று மாதம் தாண்டினால் நாளுக்கு 10 பவுண். கணக்கை ஏப்ரல் 6 முதலே கொடுக்கலாம்; முன்னதாகக் கொடுத்தாலும் காசு கட்டுவது ஜனவரியில்தான். ஆண்டு வரவு 20,000 பவுணுக்கு மேல் உள்ளவர்கள் 2028 ஏப்ரலில் இருந்து செயலி மூலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டிவரும்.

கையில் வாங்கும் காசையும் எழுதுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பெரும்பாலும் இரண்டு வருட வரிக் கணக்கைக் கேட்கும். ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட விண்ணப்பித்தால் சுயதொழில் வருமானத்துக்கு முழு வரி ஆண்டுக் கணக்கு வேண்டும். அன்று, எழுதாமல் விட்ட காசைக் கணக்கில் சேர்க்க வழி இருக்காது.